யூனிஸ் கேட்ட மேடை

படுக்கையறையில், டிரெஸ்ஸிங் டேபிளில் இருக்கிற பவுடர் டப்பாவையும் சீப்பையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் இன்டக்‌ஷன் அடுப்பை வைத்து, யூனிஸ் ரசத்துக்குத் தாளிக்கிறார். கடுகு வெடிக்கும்போது எதிரே கண்ணாடியில் தன் முகத்தையே பார்க்க வேண்டியிருக்கிறது. வேர்த்து வழிகிற முகத்தை வேளாவேளைக்குப் பார்க்க யாருக்குப் பிடிக்கும்? அதனால் கண்ணாடிமேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடிவிட்டார். தாளித்த கையோடு ஜன்னலைத் திறக்கிறார், மழை இல்லாத நாளில் தலையணைகளைத் தூக்கி மொட்டைமாடியில் காயப் போடுகிறார். என்ன செய்தும் பெருங்காய வாசனை போவதாக இல்லை. "படுத்தா பசிக்குது" என்று கணவர் ஜீவரத்தினம் சொல்லிச் சொல்லி, அந்தச் சிரிப்பும் எப்போதோ தீர்ந்துவிட்டது.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல் லேசாக எட்டும் தூரத்தில் இருக்கிறது வீடு. ஈஸ்டர் முடிந்த கையோடு சமையலறையை உடைத்தார்கள். அதிகம் போனால் ஒரு மாசம் என்றார் ரவி மேஸ்திரி. இப்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டுவிட்டது. ஃப்ரிட்ஜ் ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில், உட்காரச் சொல்லாத விருந்தாளி மாதிரி நிற்கிறது. மிக்ஸி வாஷிங் மெஷின்மேல் இருக்கிறது. சட்னி அரைத்தால் இரண்டும் சேர்ந்து ஆடுகின்றன. பாத்திரம் துலக்குவது குளியலறையில், குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து. யாராவது அவசரமாகக் கதவைத் தட்டினால் பாதி துலக்கிய குக்கரோடு எழுந்து வெளியே வரவேண்டும். சிமென்ட் தூசி உப்பிலும் இருக்கிறது, பைபிளின் மெல்லிய தாள்களுக்கு நடுவிலும் இருக்கிறது. சாயங்கால ஜெபத்தில் சங்கீதப் பக்கத்தை ஒருமுறை ஊதிவிட்டுத்தான் யூனிஸ் வாசிக்கத் தொடங்குகிறார்.

ஐம்பதைத் தாண்டிய குள்ளமான பெண்மணி. பருத்திப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை, தோளில் டிபன் பாக்ஸ் முட்டிக்கொண்டு நிற்கும் கைப்பை. ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் வேலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் யூனிஸ் ரொம்பக் கறார். வயதை எழுதாமல் படிவத்தை நீட்டினால் அது வந்த வழியே திரும்பிப் போகும். "எழுதிட்டு வாங்க சார். அடுத்தது." கெஞ்சினாலும் கோபித்தாலும் குரல் ஏறாது, இறங்காது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அந்தக் கறாரையும் கூடவே கழற்றி வைத்துவிடுகிறார். வீட்டில் அவர் வாயில் அதிகம் புழங்குகிற வார்த்தை "பரவால்ல". குழம்பில் இருந்த கடைசி மீன் துண்டு யார் தட்டுக்குப் போனாலும் பரவால்ல. மகள் ஜெரூஷா அம்மாவின் புதுத் துப்பட்டாவைக் கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போனாலும் பரவால்ல. மேஸ்திரி இன்றைக்கு வரவில்லை என்றாலும் பரவால்ல. இதை மட்டும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்.

ரவி மேஸ்திரி நல்ல வேலைக்காரர், வந்தால். ஆவணி பிறந்ததும் திருநீர்மலையில் சொந்தக்காரர் கல்யாணம் என்று போனார். திரும்பி வந்து ஒரு நாள் வேலை பார்த்தார், மறுபடி திருநீர்மலையில் கல்யாணம் என்று போனார். "முகூர்த்த மாசம்க்கா, இன்னா பண்றது. போவலன்னா தப்பா பூடும்." ஒரே குடும்பத்தில் ஒரே மாதத்தில் இத்தனை பேருக்கா கல்யாணம் நடக்கும் என்று யூனிஸ் கேட்கவில்லை. பந்தியில் என்ன போட்டார்கள் என்று கேட்டார். அந்தக் கல்யாணங்கள் ஓய்ந்தபோது, பள்ளிக்கரணைக் கடை ஒன்றில் போய் ஆசை ஆசையாய்ப் பொறுக்கி எடுத்த டைல்ஸ் பாதிச் சுவரோடு தீர்ந்துபோனது. அதே நிறத்தில் மறுபடி வந்து சேர்வதற்குள் மழை வந்துவிட்டது.

எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இன்னும் முடியலையா? சர்ச் வாசலில் கேட்கிறார்கள், ஆபீஸில் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு லோகநாயகி மதிற்சுவருக்கு மேலாகக் கூட்டுக் கிண்ணத்தை நீட்டும்போதே கேட்டுவிடுவார். "ஆச்சு, இன்னும் கொஞ்சம்தான்" என்பது யூனிஸின் பதில். சொல்லிச் சொல்லி அவருக்கே அதில் நம்பிக்கை போய்விட்டது. அவருக்கு அலுத்துவிட்டது. இந்த அலுப்பு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொஞ்சம் கண் அசந்தால் போகிற ஜாதி இல்லை. கரண்டி எங்கே, உளுந்து எங்கே, வடிதட்டு எங்கே என்று ஒவ்வொரு வேளையும் தன் வீட்டுக்குள்ளேயே தேடித் தேடி எலும்புக்குள் இறங்கிப்போன அலுப்பு.

இத்தனைக்கும் இந்த வேலை தொடங்கியதே அவருக்காகத்தான். பழைய சமையல் மேடையை ஜீவரத்தினத்தின் அப்பா வீடு கட்டியபோது போட்டது. அந்தக் குடும்பத்தில் ஆணும் பெண்ணும் நெட்டை, மேடையும் நெட்டையாகிவிட்டது. கல்யாணமாகி வந்த யூனிஸுக்கு அது நெஞ்சுக்கு வந்து நின்றது. தோசையைத் திருப்பவே தோளைத் தூக்க வேண்டும். பால் பொங்குகிறதா என்று பார்க்க எக்க வேண்டும். மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. பரவால்ல, பரவால்ல என்று பிள்ளை பெற்று வளர்த்து, பணி உயர்வும் வாங்கினார். கடைசியில் வலது தோள் மேலே ஏற மறுத்தது, கெண்டைக்கால் இரண்டும் விடிகாலையில் முறுக்கிப் பிடித்துக்கொண்டன. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, மருந்து எழுதுவதற்கு முன்னால், வீட்டில் சமையல் மேடை எவ்வளவு உயரம் என்று கேட்டார். யூனிஸ் தன் நெஞ்சைத் தொட்டுக் காண்பித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, தனக்கென்று ஒன்று கேட்டார்: மேடையைக் கொஞ்சம் இறக்கிக் கட்டணும்.

யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அதுதான் வினையாகிவிட்டது. உடைக்கிறதுதான் உடைக்கிறோம் என்று ஜீவரத்தினம் ஆரம்பித்தார். உடைக்கிறதுதான் உடைக்கிறோம், பரணுக்குக் கதவு போட்டுவிடலாம். உடைக்கிறதுதான் உடைக்கிறோம், சிம்னி வைத்துவிடலாம். ஜெரூஷா தன் பங்குக்கு இழுப்பறைகளும், மேடைக்கு மேலே வரிசையாக விளக்குகளும், காபி போட ஒரு மூலையும் கேட்டாள். எல்லாம் வந்தன. பரண் கதவு தொட்டால் திறக்கிறது, இழுப்பறை சத்தமில்லாமல் மூடுகிறது. யூனிஸ் கேட்டது மட்டும் பாக்கி இருந்தது.

அதற்கு அளவெடுத்த நாளை அவர் மறக்கமாட்டார். டேப்பை நீட்ட வந்த ரவி, அப்புறம் என்னவோ நினைத்து அதை இடுப்பில் செருகிக்கொண்டார். "டேப்பு கெடக்கட்டும்க்கா. நீங்க காய் நறுக்கற மாதிரி கைய வெச்சி நில்லுங்க. அதான் ஒங்க அளவு." யூனிஸ் வெறும் சுவரைப் பார்த்து நின்று, இல்லாத வெங்காயத்தை இல்லாத கத்தியால் நறுக்குவதுபோல் கைகளை நீட்டினார். கைக்குக் கொஞ்சம் கீழே ரவி கோடு போட்டார். ஜெரூஷா போனில் படம் எடுத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் தன் உடம்பைக் கேட்டு அந்த வீட்டில் ஒரு கோடு விழுந்ததே என்று யூனிஸுக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு மேஸ்திரிக்கு டீயோடு மிக்சரும் கிடைத்தது.

கோட்டுக்குச் சரியாகக் கடப்பா கல் நிறுத்தி, அதன்மேல் கருப்புக் கிரானைட் உட்கார்ந்தது போன வாரம். டியூட்டி முடிந்து வந்த யூனிஸ் அதன் முன்னால் போய் நின்றார், கையால் தடவிப் பார்த்தார். குளுகுளுவென்று இருந்தது. ஆனால் தோள் பழைய இடத்துக்கே ஏறியது. என்னவோ இடித்தது. மாதக்கணக்காக டிரெஸ்ஸிங் டேபிளில் குனிந்து சமைத்ததில் எதைப் பார்த்தாலும் உயரமாகத் தெரிகிறது போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். எப்படி இருக்கிறது என்று ரவி கேட்டதற்கு, நல்லா இருக்கு என்றும் சொல்லிவிட்டார்.

நேற்று சாயங்காலம் ஜெரூஷாதான் கண்டுபிடித்தாள். பழைய சமையலறையையும் புதியதையும் சேர்த்து ஒரு வீடியோ செய்ய வேண்டும் என்று போனில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தவள் ஒரு படத்தில் நின்றாள், விரலால் விரித்துப் பெரிதாக்கினாள்.

"மம்மி, இங்க பாருங்களேன். அளவெடுக்கறப்ப நீங்க எக்கி நிக்கறீங்க."

படத்தில் யூனிஸின் இரண்டு குதிகாலும் தரையைத் தொடவில்லை. சமையலுக்குக் கையை நீட்டினால் குதிகால் தானாக மேலே போகும் என்று அவருக்கே இதுவரை தெரியாது. அன்றைக்கு மேஸ்திரி கையைப் பார்த்திருக்கிறார், ஜீவரத்தினம் சுவரைப் பார்த்திருக்கிறார், ஜெரூஷா போனைப் பார்த்திருக்கிறாள். காலை ஒருவரும் பார்க்கவில்லை. பழைய மேடையின் உயரத்தைத் தன் காலிலேயே வைத்திருந்து, புதுச் சுவருக்கு எடுத்துக் கொடுத்தவர் யூனிஸ்தான்.

அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு மூன்று பேரும் சிரித்தார்கள். ஜீவரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பரவால்ல விடு யூனிஸ். பழகினதுதான" என்றார்.

யூனிஸின் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வார்த்தையை ஆயிரம் தடவை சொன்னவர் அவர். இன்னொருவர் தனக்காகச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல்முறை. வலித்தது. எழுந்து குளியலறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். பாத்திரங்கள் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போட்டன.

ஜீவரத்தினத்தையும் குறை சொல்ல முடியாது. அவரும் ஓய்ந்துபோயிருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் வந்து ஜெபம்பண்ணி, புது அடுப்பைப் பற்றவைப்பது என்று பேசியாகிவிட்டது. ஜெபக்குழுவில் எல்லோருக்கும் சொல்லி, பிரியாணிக்கும் ஏற்பாடு செய்தாகிவிட்டது. இன்றைக்கு ரவி வந்து சிங்க்கையும் அடுப்பையும் பசை வைத்துப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது. பொருத்தியபிறகு கல்லை அசைக்க முடியாது, அசைத்தால் உடையும். அதாவது யூனிஸ் வாயைத் திறப்பதாக இருந்தால் இன்று காலைதான்.

காலையில் ரவி சிங்க் பெட்டியோடு வந்தபோது, யூனிஸ் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். கிளம்பவில்லை.

"சிங்க் அப்பறம் வெச்சுக்கலாம் ரவி. மொதல்ல மேடைய இறக்கணும்."

ரவி ஜீவரத்தினத்தைப் பார்த்தார். ஜீவரத்தினம் காலண்டரைப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, நல்லாக்கீதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன். தப்பு என்னோடதுதான். ஆனா இறக்கணும்."

ரவி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். கல்லை எடுக்கும்போது விரிசல் விட்டால் தான் பொறுப்பில்லை. பைப்பை மறுபடி வெட்ட வேண்டும். மேடை இறங்கிய இடத்தில் டைல்ஸ் இல்லாமல் சுவர் பட்டையாக மொட்டையடித்ததுபோல் தெரியும். அந்த டைல்ஸ் இனிமேல் கிடைக்காது. ஒவ்வொன்றுக்கும் யூனிஸ் தலையை ஆட்டினார். சுவர் மொட்டையாக இருந்தால் தெரிகிறவர்களுக்குத் தெரியட்டும், தன் கால் வலி தனக்கு மட்டும்தான் தெரிகிறது என்றார். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை.

"ஞாயித்துக்கிழம பாஸ்டர் வர்றாரு யூனிஸ். அவர்கிட்ட என்ன சொல்றது?" என்றார் ஜீவரத்தினம்.

"இன்னும் முடியலன்னு சொல்லுங்க. எல்லார்கிட்டயும் அதத்தான சொல்லிட்டிருக்கோம்."

மறுபடி படுக்கையறையிலேயே சமைக்க வேண்டியிருக்கும் என்று அவர் ஞாபகப்படுத்தினார். சமைக்கிறேன் என்றார் யூனிஸ். அவருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. கைப்பையின் வாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஜெரூஷா உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, வீடியோ செய்யவிருந்த போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள்.

ரவி பெருமூச்சு விட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். "சரி, வந்து நில்லுங்க."

யூனிஸ் பையை இறக்கி வைத்தார். கொல்லைப்புறக் கதவை ஒட்டி, டைல்ஸ் படாத சுவர் கொஞ்சம் இருந்தது. அதைப் பார்த்து நின்று கையைத் தூக்கினார். உடனே கீழே போட்டுவிட்டார். திரும்பி, கணவரைப் பார்த்தார்.

"இங்க வாங்க. என் காலப் புடிங்க."

ஜீவரத்தினத்துக்குப் புரியவில்லை.

"கைய நீட்டுனா குதிகால் தானா எழும்புது. எழும்பறது எனக்குத் தெரிய மாட்டேங்குது. கீழ அழுத்திப் புடிச்சுக்கங்க."

ரவி ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். பேங்க் வேலைக்குப் போக இஸ்திரி போட்டு மாட்டியிருந்த பேன்ட்டை அந்த நெட்டை மனிதர் முட்டிக்கு மேலே லேசாக இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு சிமென்ட் தூசியில் ஒரு முட்டியை ஊன்றினார். இன்னொரு முட்டியையும் ஊன்றினார். குனிந்து, மனைவியின் இரண்டு குதிகாலையும் இரண்டு உள்ளங்கையாலும் தரையோடு சேர்த்துப் பிடித்தார். யூனிஸ் சுவரைப் பார்த்துக் கைகளை நீட்டினார். குதிகால்கள் எழும்பப் பார்த்தன. ஜீவரத்தினம் விடவில்லை.