முனியாண்டி சிவப்பு விளக்கில் நின்ற விதம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு பிரேக் எப்போதும் அடுத்தவர் காலடியில்தான் இருக்கும். மைத்துனர் கையில் காரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து சண்டை போட்ட அவசரகாலத்தில், மலாக்காவில் எனக்கு அதுதான் பிழைப்பு. பாயா ரும்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து, பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் முனியாண்டி வந்தார். தோட்டத்து லாரி டிரைவர், லாரியில் குண்டு பட்ட மறுநாளே வேலையை விட்டுவிட்டாராம். மூன்று மாதத்துக்குள் லைசென்ஸ் எடுத்தால் அந்த வேலை முனியாண்டிக்கு என்று துரை சொல்லியிருந்தார்.

இறங்கி நின்றது

முதல் சோதனை. நான் பின்சீட்டில். டவுனில் சிவப்பு விளக்கு எரிந்ததும் கோட்டுக்கு முன்னால் அழகாக நிறுத்தினார். பிறகு இஞ்சினை அணைத்தார், இறங்கினார், பின்பெட்டியைத் திறந்துவிட்டு, அடையாளக் கார்டை நீட்டியபடி ஓரமாக நின்றார். தோட்டத்துச் சாலையில் ராணுவம் நிறுத்தினால் அப்படித்தான் செய்ய வேண்டும். காட்டுக்கு அரிசி போகிறதா என்று பார்ப்பார்கள்.

சோதனை அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். சிரித்து நான் பார்த்ததில்லை. ஃபெயில் என்று எழுதிவிட்டுச் சொன்னார்: “சோதிக்கிறது நான்தான். நீர் ஏறி உள்ளே இரும்.”

வேலியில் தொங்கியது

தோட்டத்தில் விளக்கு ஏது? லயத்து வீட்டு வரிசை முனையில் அவர் மனைவி அஞ்சலையை நிறுத்தினேன். சிவப்புத் துணி காட்டினால் நிற்க வேண்டும், வாழை இலை காட்டினால் போகலாம். ஒருநாள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியைப் பார்க்க ஆபீசுக்குப் போய்த் திரும்பினால், ஊரடங்கு நேரம் நெருங்குகிறது, கார் அசையாமல் நிற்கிறது, உள்ளே முனியாண்டி. அஞ்சலை துணியை வேலியில் போட்டுவிட்டுச் சோறாக்கப் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது.

கூப்பிட்டதும் அஞ்சலை வந்து பார்த்தார். “நான் சொல்லி ஒருநாளும் நின்னதில்ல. என் துணி சொன்னா நிக்கிறாரு.”

பச்சையில் நின்றது

கடைசி சோதனை, துரை கொடுத்த தவணை முடிய நான்கு நாள். விளக்கு பச்சைக்கு மாறியது. முனியாண்டி நகரவில்லை. ஏன் நிற்கிறீர் என்று அதிகாரி கேட்டு முடிப்பதற்குள் குறுக்குச் சாலையிலிருந்து ராணுவ லாரிகள் சிவப்பைப் பார்க்காமலே ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்து போயின. ஏழு லாரி. அதிகாரி பேனாவைத் திறந்து பாஸ் என்று எழுதினார். முனியாண்டி அதைக் கவனிக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பச்சை நமக்குத் தெரியுது சார். சிவப்பு அவங்களுக்குத் தெரியலையே.”

அதற்குப் பிறகு என் பாடத்தில் நிறங்கள் நான்கு: சிவப்பு, மஞ்சள், பச்சை, ராணுவப் பச்சை.