தம்பி இடுப்பு மாறின மத்தியானம்

அம்மா என்னைய வெளியாளுங்க பாக்க அடிச்சது ஒரே ஒரு தடவதான். அப்பா வேல பாத்த பட்டறையில. போன மாசம் அம்மா போயிருச்சு. அதுலருந்து அந்த அடிதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருது. வலிக்காக இல்ல. எதுக்கு அடிச்சிச்சுன்னு அப்பத் தெரியல, அதுக்குத்தான்.

எனக்கு அப்ப ஏழோ எட்டோ வயசு. பினாங்குல சூலியா தெருவுக்குப் பின்னாடி ஒரு சந்துல இருந்தோம். அப்பா கடலோரத்துல லாஞ்சு ரிப்பேர் பண்ணுற பட்டறையில லேத்து ஓட்டுனாரு. அதுக்கு முன்னாடி ரொம்ப வருஷம் பாய்லருக்குள்ள உக்காந்து ஆணி அடிச்சவரு. லேத்துக்கு ஏறினப்ப அம்மா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போயி தேங்கா ஒடச்சிட்டு வந்திச்சு. லேத்துன்னா அவ்வளவு மரியாத.

அந்த வாரம் வீட்டுல யாரும் சரியா சாப்பிடல. ஒரு லாஞ்சுக்கு அடியில விசிறி சுத்துற தண்டு இருக்குல்ல, அது ஓடுறதுக்கு வெண்கலத்துல நீளமா, கொழா மாதிரி ஒரு புஷ் கடையணும். வெளிப்பக்கம் கடையிறது ஒண்ணும் கஷ்டமில்லையாம். உள்ள ஓட்டையக் கடையிறதுதான் தொல்ல. நீளமான ஒரு கம்பி நுனியில சின்ன வெட்டுப் பிட்டைச் செருகி உள்ள விடணும். போரிங் பாருன்னு சொல்லுவாங்க. வாய்ப்பக்கம் நல்லா வெட்டும். உள்ள போகப் போக கம்பி ஆடி, பிட்டு கத்த ஆரம்பிச்சிரும். கத்துனா போச்சு, உள்ளுக்குள்ள மீன் செதில் மாதிரி நெளி நெளியா விழுந்திரும். அப்பா ஏற்கனவே ரெண்ட அப்பிடிக் கெடுத்துட்டாரு.

பட்டறையில எல்லாரையும் வேல வாங்குற மண்டோர் சொல்லிட்டாரு: "இது கடேசி வார்ப்புய்யா. சாயங்காலம் தண்ணி ஏறுறப்ப லாஞ்சு எறங்கணும். இதுவும் நெளிஞ்சிச்சுன்னா நீ லேத்த விட்டு எறங்கிரு. நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

அப்பாவுக்கு சோறு கொண்டுபோறது எப்பவும் நான்தான். அன்னைக்கு அம்மாவும் கெளம்பிச்சு, தம்பிய இடுப்புல வச்சுக்கிட்டு. "நீ எதுக்கும்மா? நானே போறேன்"னேன். "வாய மூடிக்கிட்டு நட"ன்னுச்சு.

பட்டறையில எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க. மண்டோர் படகுத்தொறையில லாஞ்சுகிட்ட நின்னாரு. அப்பா மட்டும் லேத்துல. மேல கூரையில பெல்ட்டு ஓட்டுற தண்டு சுத்துது, பெல்ட்டு டப்பு டப்புன்னு அடிக்குது. அம்மா சோத்தக் கீழ வச்சிட்டு, அப்பா நிமிந்தா நேராத் தெரியிற மாதிரி வாசல் தூணுகிட்ட போயி நின்னுச்சு. சாப்பிடக் கூப்பிடல. அவரும் வரல. எனக்கு அதுவே பயமா இருந்திச்சு.

பிட்டு உள்ள போச்சு. கொஞ்ச நேரத்துல கீச்சுன்னு ஒரு சத்தம், பல்லெல்லாம் கூசிச்சு. நான் காதப் பொத்திக்கிட்டேன். அம்மா வலது இடுப்புல இருந்த தம்பிய எடது இடுப்புக்கு மாத்திச்சு. அப்பா நிமிந்து பாத்தாரு, ஒடனே பிட்ட வெளிய இழுத்தாரு.

கல்லுல வச்சு மொனையத் தீட்டுனாரு. மறுபடி விட்டாரு. கீச்சு. தம்பி எடது பக்கம். பிட்டப் புடிச்சிருந்த குட்டித் திருகாணிய முறுக்குனாரு. கீச்சு. பெல்ட்ட மாத்திப் போட்டு மெதுவா ஓட விட்டாரு. கொஞ்சம் அடங்குன மாதிரி, வண்டு மொனகுற மாதிரி இருந்திச்சு. அம்மா தம்பிய நடுவுல, வயித்தோட அணைச்சு வச்சுக்கிச்சு. அப்பா மொகத்துல வேர்வ சொட்டுது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் வெண்கலம் போய்க்கிட்டே இருக்கு. அளவுக்கு மேல போயிட்டா அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாது.

அப்பப் பாத்து, அரம் போடுற அண்ணன் ஒருத்தரு பல்லக் குத்திக்கிட்டே உள்ள வந்தாரு. அம்மாவப் பாத்துட்டு சிரிச்சாரு.

"என்னக்கா, அண்ணனுக்குக் காவலா? ஊட்டி விடப் போறீங்களா லா?"

"அவுரு நான் பக்கத்துல நின்னாத்தான் சாப்பிடுவாரு தம்பி."

"அப்பிடியா! அப்ப அண்ணன் ராசாதான். பயலு வேற கனக்குறான் போல, அந்த இடுப்பு இந்த இடுப்புன்னு தவிக்கிறீங்க."

எனக்கு மானமே போயிருச்சு. தம்பிய நாம தூக்கிக்கிட்டா இவரு வாய மூடுவாருன்னு நெனச்சேன். கேக்காமலே கைய நீட்டி அவன அம்மா இடுப்புலருந்து உருவி எடுத்துக்கிட்டேன். அந்த நேரம் பாத்து பிட்டு மறுபடியும் கத்திச்சு, அதுவரைக்கும் இல்லாத கத்து.

அப்பா நிமிந்தாரு. அம்மா இடுப்பு ரெண்டும் காலி. அப்பாவோட மொகம் அப்பிடியே வெளுத்துப் போச்சு. பாய்ஞ்சு பெல்ட்டத் தள்ளி லேத்த நிப்பாட்டிட்டாரு.

என் கன்னத்துல அம்மா கை பளார்னு விழுந்திச்சு. தம்பி அம்மாகிட்ட போயிட்டான். எடது இடுப்புக்கு. அரம் போடுற அண்ணன், "ஐயோ, புள்ளைய ஏங்கா அடிக்கிறீங்க?"ன்னாரு. அம்மா அப்பாவையே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

அப்பா புஷ்ஷுக்குள்ள வெரல விட்டு ரொம்ப நேரம் தடவிப் பாத்தாரு. கடையிறதுக்கு இன்னும் கொஞ்சூண்டு வெண்கலம் மிச்சம் இருந்திச்சு போல. அந்த மெல்லிசுக் கம்பியக் கழட்டி வீசிட்டு, ஓட்டைக்குள்ள நொழையிற அளவுக்கு இருந்ததுலயே தடிச்ச கம்பிய மாட்டுனாரு. பயந்து பயந்து சுரண்டாம, இந்தத் தடவ நல்லா ஆழமா ஒரே வெட்டு குடுத்தாரு. பயந்து மெல்லிசா எடுத்தா பிட்டு வெட்டாமத் தேய்க்குமாம், அதுக்கும் கத்துமாம். பின்னாடி அவரு சொல்லிக் கேட்டது.

பிட்டு உள்ள போச்சு. போய்க்கிட்டே இருந்திச்சு. வெண்கலச் சீவல் சலசலன்னு கொட்டுது, வேற சத்தமில்ல. அம்மா தம்பிய வலது இடுப்புக்கு மாத்திச்சு. தம்பி அழுது, அம்மா சேலையில மூத்திரம் பேஞ்சு, அது கால் வழியா ஓடுது. அம்மா அசையவே இல்ல. மறுபக்கம் பிட்டு வெளிய வர்ற வரைக்கும் அப்பிடியே நின்னுச்சு.

மண்டோர் வந்தாரு. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு, வெரல விட்டுப் பாத்தாரு. "ம்... கொண்டு போயி மாட்டுங்க"ன்னாரு. அவ்வளவுதான். சாயங்காலம் லாஞ்சு எறங்கிருச்சு.

அப்பா இப்ப பட்டறைக்குப் போறதில்ல, அதனால இத சொல்லலாம். பாய்லருக்குள்ள ஆணி அடிச்சு அடிச்சு அவருக்குக் காது போயிருந்திச்சு. பேச்சு அரகொறையா விழும், கீச்சுச் சத்தம் சுத்தமா விழாது. கைய வச்சா ஆட்டம் தெரியுமாம், ஆனா கைக்குத் தெரியறதுக்குள்ள நெளி விழுந்திருமாம். காது கேக்காத ஆள யாரு லேத்துல வச்சிருப்பாங்க? அதான் பிட்டு கத்துனா தம்பி எடது இடுப்புல, கத்தலன்னா வலது இடுப்புல. அம்மா படுக்கையில விழுந்தப்பத்தான் இதெல்லாம் எங்கிட்ட சொல்லிச்சு. "அன்னைக்கு உன்னைய அடிச்சிருக்கக் கூடாதுடி"ன்னுச்சு.

அதுக்கப்பறம் கஷ்டமான வேல வந்தா அம்மா பட்டறைக்குப் போயிரும். வீட்டுலயும் சத்தமாத்தான் பேசும். அப்பாகிட்ட தண்ணி வேணுமான்னு கேட்டாக்கூட தெருமொன வரைக்கும் கேக்கும். புருஷன அதட்டுறவ, பட்டறை வரைக்கும் போயி வேவு பாக்குறவன்னு சந்துல பேராகிப் போச்சு. அம்மா ஒருத்தர்கிட்டயும் இல்லன்னு சொல்லல. நானும் அப்பிடித்தான் நெனச்சேன். எத்தன தடவ வெக்கப்பட்டு, "மெதுவாப் பேசும்மா"ன்னு சண்ட போட்டிருக்கேன்.

அம்மாவ எடுத்த அன்னைக்கு பக்கத்து வீட்டு அக்கா எங்கிட்ட உக்காந்து கையப் புடிச்சுக்கிட்டு, நல்ல மனசோடதான் சொன்னாங்க: "அழுவாத. உங்கப்பாவுக்கு இனிமேலாவது வீட்டுல சத்தமில்லாம இருக்கும்."

அப்பா எதுத்தாப்ல செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தாரு. என்ன சொன்னாங்கன்னு எங்கிட்ட கண்ணாலயே கேட்டாரு.