ஆறு கம்பியையும் ஒரே மூச்சில் கழற்றியவன்

இன்று காலை என் கிட்டாரை உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

வயலின் மாதிரி வயிறு புடைத்த ஜாஸ் கிட்டார். அந்த வகையில் மலிவானது. ஆரணியில் வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.

மாலை சர்ச் ஹாலில் நண்பனின் நிச்சயதார்த்தம். வாசிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். புதுக் கம்பி போடலாம் என்று பழைய ஆறையும் கழற்றினேன். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் டொக்கென்று மடியில் விழுந்தது.

தறியிலிருந்து தங்கை எழுந்து வந்தாள். பிரிட்ஜைத் திருப்பிப் பார்த்தாள்.

"உடையலண்ணா. இதுல பசையே இல்ல. கம்பி அழுத்தித்தான் நின்னுகினு இருந்திருக்குது. ஆறையும் யாராச்சும் ஒரே தபா அவுப்பாங்களா? தறியில பாவு நூல் மாத்தறப்ப நாங்க எல்லாத்தையும் அறுத்தா போடறோம்? பழைய இழையோட புது இழைய ஒன்னொன்னா பிணைச்சிகினு போவோம். எம்.ஏ. வேற படிச்சிருக்க!"

கிட்டாரின் மேல்பலகையில் பாலிஷ் மங்கிய இரண்டு தடங்களைக் காட்டினாள். பிரிட்ஜ் நின்ற இடம். அவள் அதை அங்கே பிடித்துக்கொள்ள, நான் கம்பிகளை ஏற்றினேன்.

"ஜல்தி பண்ணாத. சாயுது பாரு. ஆங், இப்ப சரி."

ஹாலில் கடைசிப் பாட்டு வரை சுருதி கலையவில்லை. திரும்பி வந்து அவளுக்கு நன்றி சொன்னேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். அடுத்த தபா என்னைக் கூப்பிடாம தொடாத."

ஆக, என் கிட்டாரைத் தொட இனி நான் அனுமதி கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் எதற்கு?