சம்பங்கியின் லாரிக்கு வந்த ரிலீப்

கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸின் வரிசை வீடுகளில் வெயில் கூரைக்கு ஏறின பிறகும் குறட்டை விட்டுத் தூங்க சம்பங்கி ஒருத்தரால்தான் முடியும். விடிய விடிய லாரி ஓட்டிவிட்டு வருகிறவர், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அன்று மத்தியானம் அந்தக் குறட்டையை நிறுத்தியது திலீப்பின் போன். பேத்தமங்களாவில் பஞ்சர் கடை வைத்திருக்கிறவன்.

"அண்ணே, இப்பத்தான் உங்க வண்டி என் கடைய தாண்டிப் போச்சு. கை காட்டினேன், நிக்காம போறீங்களே."

"நான் வூட்ல படுத்துனு கீறேன்டா!"

"அப்ப யாரு ஓட்டினு போறது? லோடு வேற மலையாட்டம் கட்டிக் கீது. வி.கோட்டா பக்கம் போச்சுண்ணே."

வி.கோட்டாவைத் தாண்டினால் பேரணாம்பட்டு மலை இறக்கம். சம்பங்கி எழுந்து உட்கார்ந்தார். வண்டியின் பிரேக்கில் ஏர் லீக் ஆகிக்கொண்டிருந்தது. நேற்றுதான் கண்டுபிடித்தார். காலியாக, மெதுவாக ஓட்டி வந்து காலையில் பங்காருபேட்டை யார்டில் விட்டிருந்தார். சாயங்காலம் மெக்கானிக் வருவதாகச் சொல்லியிருந்தான். சமதரையில் ஒப்பேற்றிவிடலாம். இறக்கத்தில் நாலு தரம் சேர்ந்தாற்போல மிதித்தால் ஏர் தீர்ந்துபோகும், பிறகு ஓட்டுகிறவன் சாமியைத்தான் கூப்பிட வேண்டும்.

சட்டையை மாட்டிக்கொண்டே டிரான்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜர் ஹரிஷ்குமாருக்குப் போன் போட்டார்.

"ஹா, சம்பங்கி, அர்ஜெண்ட் லோடு வந்துச்சு. நீங்க வீட்டுக்குப் போயிட்டீங்க, ரிலீப் டிரைவரப் போட்டு அனுப்பிட்டோம். அக்ரிமெண்ட்ல இருக்கில்லப்பா?"

"ரிலீப்பா? என்கிட்ட யாரும் வரலியே சார்!"

"உங்ககிட்ட எதுக்கு வரணும்? ஸ்பேர் சாவி நம்மகிட்ட இருக்கு."

"சார், பிரேக் சரியில்ல. அந்த ஆளுக்குப் போன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்க!"

"லேட் பண்ணாதீங்கப்பா, பார்ட்டி கத்தறான். டிரைவர் பார்த்துப்பான்." போன் வைக்கப்பட்டது.

இங்கேதான் சம்பங்கி ஏமாந்த கதையைச் சொல்ல வேண்டும். ஆள் ஏமாளி இல்லை. பங்காருபேட்டையில் கிளீனராகச் சேர்ந்து, ஊரான் வண்டிகளைப் பாதி வயசு வரைக்கும் ஓட்டி, மனைவி நளினியின் நகையையும் வைத்து ஒரு பழைய லாரியைச் சொந்தமாக்கியவர். தக்காளி லோடு நம்பி ஓட்டினார். அதுவும் ஒரு வருஷம் போல ஒரு வருஷம் இருப்பதில்லை. கம்பெனியில் வண்டியை அட்டாச் பண்ணினால் தினமும் ஓட்டம் நிச்சயம் என்றார்கள். அட்டாச் என்றால் வண்டி உன்னுடையது, ஓட்டம் அவர்களுடையது. டீசல் யார் தலையில், டயர் யார் தலையில் என்று வக்கீல் மாதிரிக் குடைந்து கேட்டார் மனுஷன். ஹரிஷ்குமாருக்கே வேர்த்துவிட்டது. "நீங்க இல்லாத நேரம் ரிலீப் டிரைவர் போட்டுப்போம்" என்றபோது மட்டும், "அது நியாயந்தானே" என்று தலையாட்டிவிட்டார்.

வேறு ஊர்க்காரன் கேட்டிருப்பான், அவன் யார், அவன் இடித்தால் யார் பதில் சொல்வது என்று. கோலார் தங்கவயல்காரனுக்கு அந்த வார்த்தையில் சந்தேகமே வராது. சம்பங்கியின் அப்பா சுரங்கத்தில் இருந்தவர். அங்கே ரிலீப் என்றால், உன் இடத்துக்கே இறங்கி வருகிற ஆள். எந்தப் பக்கம் பாறை தளர்ந்திருக்கிறது, எந்த மரம் முட்டுக்கொடுக்கவில்லை என்று அவனுக்குக் கையால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் நீ மேலே போகிற கேஜில் ஏறுவாய். காட்டாமல் ஏறினவனோடு குடியிருப்பு லைனில் ஒருத்தனும் பேசமாட்டான். தன்னிடம் ஆள் வருவான், பிரேக்கைப் பற்றிச் சொல்லி அனுப்பலாம் என்று நம்பித்தான் சம்பங்கி நிம்மதியாகப் படுத்திருந்தார். கம்பெனிக்காரனுக்கு ரிலீப் என்றால் சாவியைப் பிடிக்கிற இன்னொரு கை, அவ்வளவுதான்.

"சாப்ட்டாவது போங்க" என்று நளினி சொல்லி முடிப்பதற்குள் பைக்கை உதைத்தார். போகிற வழியெல்லாம் பயம். வண்டி போய்விடுமோ என்று முதலில் பயந்தார். சுந்தரபாளையம் தாண்டும்போது, முகம் தெரியாத அந்த ஆள் போய்விடுவானோ என்று பயந்தார். எது நடந்தாலும் வண்டி சம்பங்கி பேரில். கோர்ட்டுக்கும் அவர்தான், போலீசுக்கும் அவர்தான்.

வி.கோட்டாவுக்கு அப்புறம், தார்ப்பாய் கட்டின முதுகு தெரிந்தது. ஹாரன் அடித்தார், கத்தினார். ஓட்டுகிறவர் யாரோ வழிப்பறிக்காரன் என்று நினைத்திருக்க வேண்டும், வேகத்தைக் கூட்டினார். சம்பங்கி வண்டியைத் தாண்டி முன்னால் போனார். பிரேக் இல்லாத லாரிக்கு எதிரில் போய் எங்கே நிற்பது? ஒரு ஏற்றமாகப் பார்த்து, அதன் உச்சியில் பைக்கை ஓரங்கட்டி, நடு ரோட்டில் கையை விரித்து நின்றார். லாரி முக்கி முனகி ஏறி வந்து, அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

"சாவறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

"என் வண்டிங்க அது!" என்றார் சம்பங்கி. சக்கரத்துக்குக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, மூச்சு வாங்கியபடி பிரேக் விஷயத்தைச் சொன்னார்.

இறங்கிய ஆள் சம்பங்கி வயசுக்காரர்தான். ராஜ்குமார் என்று பேர் சொன்னார். முகம் வெளுத்துவிட்டது. "ரெண்டு வாட்டி பெடல் உள்ள போச்சுங்க. லோடு ஜாஸ்தி, அதனாலன்னு நெனச்சேன்" என்று ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

வண்டியை நிறுத்திவிட்டதாக ஹரிஷ்குமாருக்குப் போன் போட்டுச் சொன்னார் சம்பங்கி. மேனேஜரின் குரல் இப்போது குழையவில்லை. "லோடை நிறுத்தினா அக்ரிமெண்ட் மீறினதா ஆகும். அபராதம் கட்டணும், வருஷம் முடியற வரைக்கும் வெளி லோடும் ஏத்த முடியாது. ஒரு மலைதானே, நீங்களே மெதுவா இறக்கிடுங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

சம்பங்கி யோசித்தார். பொய் சொல்வானேன், இறக்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. வண்டியின் குணம் தெரிந்தவர். கியரைப் பிடித்துப் பிடித்து இறக்கிவிட முடியுமோ என்னவோ. வருஷம் முழுக்க வண்டி வீட்டு வாசலில் நின்றால் நளினியின் முகத்தில் எப்படி விழிப்பது? டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேவிட்டார்.

"நீங்க எவ்ளோ நாளா இவங்ககிட்ட ரிலீப்?" என்று சும்மா கேட்டார்.

"நானும் வண்டி அட்டாச் பண்ணவன்தாங்க" என்றார் ராஜ்குமார். "காமாலை வந்து படுத்துட்டேன். ரிலீப் போட்டாங்க. அவன் கொண்டுபோய் பஸ் மேல உட்டு இடிச்சுட்டான். நஷ்டம் மொத்தமும் என் தலையில. கம்பெனிக்கே வண்டிய எழுதிக் குடுத்துத்தான் கணக்கு தீந்துது."

"இப்ப எங்க கீது உங்க வண்டி?"

"காலைல யார்டுல உங்க வண்டி பக்கத்துல நின்னுனு இருந்துதே, நீலக் கலரு, அதான். எல்லார் வண்டியும் ஓட்டக் குடுக்கறாங்க. அத மட்டும் என்கிட்ட குடுக்க மாட்டாங்க."

சம்பங்கி சாவியை உருவிக்கொண்டு கீழே இறங்கினார். போனை எடுத்தார்.

"சார், லோடு ஏத்த வேற வண்டி அனுப்புங்க. என் வண்டி எறங்காது."