ஏழாம் மாடியில் நிற்காத லிஃப்ட்

எங்கள் அப்பா லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார் என்று ஆறு வயதில் நான் உறுதியாக நம்பினேன். நேற்று செங்காங் வட்டாரத்தில் என் அடுக்குமாடி வீட்டு லிஃப்டில் யாரோ கொண்டுபோன கறிபாப் பலகாரத்தின் வாசனை தங்கியிருந்தது; உடனே, எப்போதோ இடிக்கப்பட்ட எங்கள் பழைய அடுக்குமாடி புளோக்கும் என் மேதாவித்தனமும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வந்தன.

அங்கே லிஃப்ட் கீழ்த்தளம் தவிர ஐந்திலும் ஒன்பதிலும் மட்டும் நிற்கும். ஏழாம் மாடிக்காரர்களான நாங்கள் ஒன்பதில் இறங்கி, பூனை மூத்திரமும் ஊதுபத்தியும் கலந்து மணக்கும் படிகளில் கீழே வருவோம். ஆஸ்பத்திரியில் அப்பா இறந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். “அப்பா எங்கக்கா?” என்று அந்த வீட்டு அக்காவிடம் கேட்டேன்.

“கீழ இருக்காருடா தம்பி.”

கீழே வந்தவர் வீட்டுக்கு வரவில்லையென்றால், நடுவில் இருப்பது லிஃப்ட்தானே? பட்டினியிலேயே செத்துப்போவாரே என்று பதறி, அன்றிலிருந்து எனக்குக் கிடைத்த கறிபாப்பையெல்லாம் ஒன்பதாம் மாடியில் லிஃப்டுக்குள் வைத்து அனுப்பிவிட்டுக் காத்திருப்பேன். லிஃப்ட் திரும்பி வரும்போது கறிபாப் இருக்காது. வேறென்ன சாட்சி வேண்டும்?

ஒரு சாயங்காலம் அம்மா தேடிவந்தார்.

“இங்க என்னடா பண்ற?”

“அப்பாவுக்குப் பசிக்கும்லமா.”

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார். கதவு திறந்ததும் என்னோடு சேர்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை மேலே வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை என்று வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. சவப்பெட்டியைப் படிகளில் தூக்க முடியாதென்று கீழ்த்தளத்திலேயே வைத்து, அங்கிருந்தே மண்டாய் தகனச்சாலைக்கு எடுத்துப்போனார்கள்.