இரண்டு தட்டு

எதை மூடினாலும் விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பது பாக்கியநாதனின் பழக்கம். சோற்றுப் பெட்டியைக்கூட விடமாட்டான்.

தெஹியோவிட்டவில் எங்கள் றப்பர் தோட்டத்திலிருந்து பொறியியல் படித்த முதல் ஆள் அவன். கொழும்புக் கம்பனி ஒன்றில் போன் டவர்களுக்கு வடிகட்டி வடிவமைத்தான். வேண்டிய அலைவரிசையை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுக்கும் பித்தளைப் பெட்டி அது. திருகைத் திருப்பினால் வேறு அலைவரிசைக்கு மாறும். தட்டியதும் அளவு நகர்ந்தால் திருகு இறுகவில்லை என்று அர்த்தம்.

2008, போர்க்காலம். அப்படியொரு பெட்டியோடு லீவில் வந்தவனுக்குக் காய்ச்சல். கொழும்பில் கடை வேலைக்குப் போகும் பக்கத்துக் காம்பரா வீட்டு ரொபர்ட்டிடம், கம்பனியில் சேர்க்கச் சொல்லிப் பெட்டியைக் கொடுத்தனுப்பினான்.

"என்னாண்ணே இது, குண்டா?"

"ஆமாடா, ஒன் தலையில போடத்தான். கேட்டா டவர் சாமான்னு சொல்லு."

அவிசாவளைச் சோதனைச்சாவடியில் ரொபர்ட் அதைத்தான் சொன்னான். பிடித்துவைத்து, யாருடையது என்று அடித்துக் கேட்டும் பாக்கியநாதன் பெயரைச் சொல்லவில்லை.

ரொபர்ட்டின் அம்மா தெரேசம்மா பாக்கியநாதனிடம் ஓடிவந்தார். "தம்பி, ஒங்க சாமான்னு ஒரு வார்த்த வந்து சொல்லுங்க."

"நாளைக்குப் போறேம்மா" என்றவன் விடியுமுன் வேறு வழியாகக் கொழும்புக்குப் போய்விட்டான். பெட்டி பஸ்ஸில் தொலைந்ததாகக் கம்பனியில் சொன்னான். புதிதாகச் செய்தது இப்போது எங்கள் மலை டவரில் இருக்கிறது. லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் சிக்னல் வருகிறது.

நானாக இருந்தால் போயிருப்பேனா? தெரியவில்லை.

அடுத்த வருடம் ரொபர்ட் ஒரு காது கேளாமல் விடுதலையாகி வந்தான். நத்தார் பண்டிகைக்கு வந்த பாக்கியநாதன் ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேக் கொடுத்தான். ரொபர்ட்டின் கதவைத் தட்டவில்லை. அந்த ஒரு வார்த்தையை அவன் இன்னும் சொல்லவில்லை.