பார்வதி அக்கா எடுக்காத அட்டை

செய்தி வந்தபோது நான் உழவு இயந்திரத்துக்குக் கீழே மல்லாந்து கிடந்தேன். பழுது பார்க்கத் தெரிந்தவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எண்ணெய் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கப் போய், என் சட்டையில் ஒழுகுகிறது என்பதை மட்டும் கண்டுபிடித்திருந்தேன். மனைவி குசினிப் பக்கமிருந்து ஓடிவந்து தொலைபேசியைக் கீழே நீட்டினாள்.

"சாந்தி கதைக்கிறாள். அழுறாள்."

சாந்தி, பார்வதி அக்காவின் ஒரே மகள். "மாமா, அம்மா மோசம் போயிட்டா" என்றாள். காலையில் நெஞ்சு நோகிறது என்று சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் நல்ல சேலை வேண்டும் என்று எடுத்து உடுத்திக்கொண்டு கதிரையில் இருந்திருக்கிறார். ஓட்டோ வந்தபோது அவர் இல்லை. வயது அறுபத்திரண்டு என்று அடையாள அட்டை சொல்கிறது. அதை அவரே முழுதாக நம்பியதில்லை.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரை வாசிப்பவர்களில் அவரை அறிந்தவர்கள் பலர். அவர்களுக்கு அவரைப் பற்றி இரண்டு விடயங்கள் தெரிந்திருக்கும். கச்சான் கடலை பிடுங்குவதில் அவரை வெல்ல இந்தப் பக்கத்தில் ஆளில்லை என்பது ஒன்று. வேலைக்குப் போன வீட்டு அலுமாரியில் அடையாள அட்டை திருடிப் பிடிபட்டு மறியல் சிறையில் இருந்தவர் என்பது மற்றது. முதலாவது உண்மை. இரண்டாவது பொய். சாதாரண தரப் பரீட்சையை இரண்டு தரம் எடுத்து, இரண்டு தரமும் தமிழில் மட்டும் தேறிய நான், அந்த ஒரு பாடத்தை நம்பி இதை எழுதுகிறேன்.

அவரை நான் முதலில் கண்டது, போருக்குப் பின் மீளக் குடியேறி நான் கமக்காரனாக வேடம் போடத் தொடங்கிய காலத்தில். நாயாற்றுப் பக்கம் மணல் காணி ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துக் கச்சான் போட்டிருந்தேன். அறுவடைக்கு வந்த பெண்களில் ஒருவர் ஒரு செடியைப் பிடுங்கி, ஒரு காயை உடைத்து, தோட்டின் உட்புறத்தை என் மூக்குக்கு முன்னால் பிடித்தார்.

"என்னா தம்பி தெரியுது?"

"கச்சான் தெரியுது."

"உள்ளுக்க வெள்ளையா இருக்குதில்ல? கருத்திருந்தாத்தான் முத்தினது. இன்னும் பத்து நாள் கெடக்கட்டும். இப்ப புடுங்கினா நீங்களும் உங்க சம்சாரமும்தான் திங்கணும்."

கூலிக்கு வந்தவர் அன்றைய கூலியை வேண்டாம் என்று சொல்லி எல்லோரையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார். பத்து நாள் கழித்து அவரே ஆட்களோடு வந்து நின்றார். அன்றிலிருந்து என் காணியில் எப்போது பிடுங்குவது என்பதை அவர்தான் முடிவு செய்தார். நான் முதலாளி என்ற பெயரோடு உழவு இயந்திரத்தை ஓட்டினேன்.

அவர் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கலவரத்தில் லயன் வீடுகள் எரிந்தபோது தகப்பனார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தார். தகரப் பெட்டிக்குள் இருந்த கடதாசிகள் லயனோடு போய்விட்டன. பிறந்த தோட்டத்தின் பெயர் அக்காவுக்குத் தெரியும், எந்தப் பிரிவு என்று தெரியாது. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அடையாள அட்டை இல்லை. போர் முடிந்து முகாமில் இருந்தபோது ஒரு தற்காலிக அட்டை கொடுத்தார்கள், அதுவும் காலாவதியாகிவிட்டது. மூன்று தரம் விண்ணப்பித்தார். மூன்று தரமும் ஏதோ ஒரு கடதாசி குறைந்தது.

"என்னைப் பெத்ததுக்கு எங்கம்மா சாட்சி. அவங்களும் போயிட்டாங்க. இனி நான் பொறக்கலன்னே வச்சுக்கலாம் தம்பி" என்பார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

பிறக்காமலேயே அவர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார். பிறகு தெற்கே தேவாலயங்களில் குண்டு வெடித்தது. ஓய்ந்துபோயிருந்த சோதனைச் சாவடிகள் எங்கள் வீதியில் மறுபடி முளைத்தன. நாட்டின் பாதுகாப்புக்காக என்றார்கள். அத்தனை உயிர்கள் போன பிறகு அதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் என் உழவு இயந்திரப் பெட்டியில் கத்தியும் சாக்கும் சோற்றுப் பார்சலுமாக இருந்த பதினொரு பெண்களில் அட்டையில்லாத ஒருவரைத்தான் அந்தப் பாதுகாப்பு ஒவ்வொரு நாளும் இறக்கியது. கிராம சேவையாளரின் கடிதத்தை ஒருவர் ஏற்பார், மற்றவர் ஏற்க மாட்டார். இரண்டு தரம் பின்னேரம் வரை வேப்பமரத்தின் கீழ் இருத்திவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

கச்சான் முற்றி நின்றது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். அப்போதுதான் எனக்கு ஒரு மூளை வேலை செய்தது. என் மூளை வேலை செய்த நாட்களில் எங்கள் வீட்டில் நல்லது நடந்ததில்லை.

என் சொந்த அக்கா கடைசிப் போரில் கடற்கரையில் ஷெல் விழுந்து இறந்தவர். அவருடைய அட்டையை நான் அலுமாரியில் சேலைக்குள் சுற்றி வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்படி ஓர் அட்டை இருக்கும். படம் என்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான் என்பதால் திருப்பிக் கொடுக்க மனம் வராது. பார்வதி அக்காவுக்கும் ஏறக்குறைய அதே வயது, அதே வட்ட முகம்.

மனைவி தடுத்தாள். "செத்த மனிசியின்ர ஐசியை உயிரோட இருக்கிறவாவுக்குக் குடுக்கிறதோ? உங்களுக்கென்ன விசரோ?"

"படத்தைப் பாரும். என்ர ஐசியிலேயே நான் கோழிக் கள்ளன் மாதிரித்தான் இருக்கிறன். ஆர் கண்டுபிடிக்கிறது?"

பார்வதி அக்கா அதைக் கையில் வாங்கவே மறுத்தார். "வேணாம் தம்பி. அவங்க பேருல நான் நடமாடுறது பாவம்."

"கொஞ்ச நாளைக்குத்தானே, அக்கா. உங்களுக்கு உங்கட ஐசி வருமட்டும்" என்று நான்தான் அவருடைய பைக்குள் திணித்தேன். அவர் மீது இரக்கம் பாதி, கச்சான் மீது பயம் பாதி. எந்தப் பாதி பெரிது என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது.

நான்கு நாள் சரியாகப் போனது. ஐந்தாம் நாள் சாவடியில் புதிதாக ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் நின்றார். அட்டை இலக்கத்தை எங்கோ தொலைபேசியில் சொன்னார். பதில் வந்ததும் பெட்டிக்குக் கிட்ட வந்தார்.

"இந்த அம்மா செத்துப் போனது. கொம்பியூட்டர் சொல்றது. அப்ப நீங்க யாரு?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இழப்பீட்டுக்காக என் அக்காவின் இறப்பைப் பதிந்து சான்றிதழ் எடுத்தவன் நானே. கச்சேரி அலுவலகத்துக்கு மூன்று தரம் அலைந்து, என் கையாலேயே ஒப்பமிட்டு அவரைச் சாகக் கொடுத்துவிட்டு, அதே கையால் அவருடைய அட்டையை நீட்டியிருக்கிறேன். இப்படி ஒரு மடைத்தனத்தைச் செய்ய எங்கள் ஆட்களால்தான் முடியும். எங்கள் ஆட்களுக்குள்ளும் என்னால்தான் முடியும்.

இறந்தவரின் பெயரில் உலாவும் முகம் தெரியாத ஒருத்தி. அந்த நாட்களில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். துவக்கோடு நின்ற இராணுவத்தினர் கிட்ட வந்தார்கள். என்னைக் கீழே இறக்கி என் அட்டையையும் வாங்கிப் பார்த்தார்கள். இரண்டிலும் தகப்பன் பெயர் ஒன்று.

"இது உங்கட அக்கா ஐசி. இவங்ககிட்ட எப்பிடி வந்தது?"

மூத்த மகளுக்குத் தாதியர் பயிற்சிக்குக் கடிதம் வந்திருந்த நேரம் அது. தகப்பன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போனால் அவளுடைய பொலிஸ் நற்சான்று என்னாகும்? அந்தக் கடிதம் வந்த அன்று பெட்டியிலிருந்த எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்திருந்தேன். பார்வதி அக்காவுக்கும் கொடுத்திருந்தேன்.

அவர் பெட்டியிலிருந்து மெல்ல இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை.

"நான்தாங்க எடுத்தேன். அவங்க வீட்டைக் கூட்டப் போனப்ப அலுமாரில இருந்திச்சு, திருடிட்டேன். அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"உண்மையா?" என்று பொலிஸ்காரர் என்னைக் கேட்டார்.

"ஓம்" என்று தலையாட்டினேன்.

என் வாழ்நாளில் நான் சொன்ன மிகச் சிறிய சொல் அது. பத்துப் பெண்களும் கேட்டார்கள். பின்னேரத்துக்குள் ஊர் கேட்டது.

அவரைப் பல நாள் விசாரித்தார்கள். நீதிமன்றத்தில் நிறுத்தி மறியலுக்கு அனுப்பினார்கள். நான் ஒரு சட்டத்தரணியைப் பிடித்துக் கொடுத்தேன். அவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டு கிழமைக்கு மேல் வவுனியாச் சிறையில் இருந்துவிட்டு, வெறும் கூலிக்காரி என்று அவர்களுக்கே விளங்கிய பிறகு வெளியே வந்தார். நான் அவருடைய படலையடியில் போய் நின்றேன்.

அவர்தான் முதலில் கேட்டார்: "மகளுக்குப் படிப்புத் தொடங்கிட்டாங்களா தம்பி?"

"இன்னும் இல்லை, அக்கா."

"ம். எந்தக் கடல் வழியா வந்தேன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் உங்க ட்ராக்டர்லதான் வந்தேன்னு சொன்னேன். அதை எழுதிக்க மாட்டேன்னுட்டாங்க."

நான் சிரிக்கவில்லை. அவர் சிரித்தார்.

"நான் போய் உள்ளதைச் சொல்லிப்போடுறன், அக்கா" என்றேன்.

"சும்மா இருங்க. இப்ப மாத்திச் சொன்னா ரெண்டு பேரும் உள்ள போகணும். மகள் வேலைக்குப் போகட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

அடுத்த வாரம் அவர் மறுபடி வேலைக்கு வந்தார். பெட்டியில் ஏறியதும் பெண்கள் தங்கள் பைகளை மடிக்கு எடுத்ததை நான் சாரதி இருக்கையிலிருந்து பார்த்தேன். "பையளைக் கவனமா வையுங்கோ" என்று ஒரு குரல், அவர் கேட்கும்படியாகவே.

பார்வதி அக்கா திரும்பிப் பார்த்தார். "என் பையையும் சேத்துப் பாத்துக்க புள்ள. அதுல நல்ல கருவாட்டுக் கொழம்பு இருக்கு."

சிலர் சிரித்தார்கள். ஆனால் பைகள் மடியை விட்டு இறங்கவில்லை. அன்று மத்தியானம் அவர் தனியாக, வரம்பின் மறு பக்கத்தில் இருந்து சாப்பிட்டார். அதன்பிறகு சில வீடுகளில் அவரை முற்றம் கூட்டவும் கூப்பிடுவதில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எங்களோடு ஒரே பெட்டியில் வரமாட்டேன் என்று நடந்தே போனார்.

மகள் படித்து முடித்தாள். வேலையும் கிடைத்தது. இனியாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. முன்னர் மகளைக் காரணம் சொன்னேன். பிறகு மழையைச் சொன்னேன், விதைப்பைச் சொன்னேன், இளைய மகளின் கலியாணத்தைச் சொன்னேன். பழைய கதையை ஏன் கிளற வேண்டும் என்றும் சொல்லிப் பார்த்தேன். அக்கா ஒரு நாளும் ஞாபகப்படுத்தவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் குசினி வாசலோடு நின்றுவிடுவார். அலுமாரி இருந்த அறைப்பக்கம் அதன்பின் அவர் காலே வைத்ததில்லை.

சாந்தி ஓடித் திரிந்ததில், உத்தேச வயதைக் குறிக்கும் ஒரு சான்றிதழும் சத்தியக் கடதாசியும் கிடைத்து, போன ஆண்டு அவருடைய சொந்த அட்டை தபாலில் வந்தது. அன்று பெட்டியில் ஏறியவர், சாவடியடியில் நிறுத்தச் சொன்னார். அப்போது அங்கே எவரையும் மறிப்பதில்லை. ஓர் இளம் இராணுவச் சிப்பாய் நிழலில் நின்று போங்கள் போங்கள் என்று கையைக் காட்டினார்.

"நிறுத்துங்க தம்பி."

"அக்கா, அவங்கள் கேக்கேல்லையே."

"கேக்காட்டி என்னா? நான் காட்டணும்."

இறங்கிப் போய் அட்டையை நீட்டினார். சிப்பாய் ஒன்றும் விளங்காமல் வாங்கி, படத்தைப் பார்த்து, அவரைப் பார்த்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "சரி அம்மா" என்றார். அக்கா பெட்டியில் ஏறி இருந்து, "பொறந்துட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் கியரை மாற்றத் தடுமாறினேன்.

செத்தவீடு முடிந்து ஒரு கிழமையில் சாந்தி வந்தாள். மலருக்கு மாமா ஒரு பக்கம் எழுத வேண்டும், அம்மாவின் வேலையைப் பற்றி எழுதுங்கோ என்றாள். கதிரையில் இருத்தி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"நான் அவவோட சண்டை பிடிச்சனான், மாமா. ஏன் களவெடுத்தனீங்கள், என்ர மானம் போச்சு எண்டு. ரெண்டு வருசம் சரியாக் கதைக்கேல்லை. அப்பவும் அவா சொல்லேல்லை."

நான் மன்னிப்புக் கேட்க எழுந்தேன்.

"மன்னிக்கச் சொல்லிக் கேக்காதேங்கோ. எழுதுங்கோ. பேரோட எழுதுங்கோ. முப்பத்தொண்டு அண்டைக்கு நீங்களே எழும்பி வாசியுங்கோ. பையைத் தூக்கி மடியில வச்ச ஆக்கள் எல்லாரும் வருவினம். அவைக்குக் கேக்க வேணும்."

என் மகளிடமும் சொன்னேன். "அந்த வேலை எனக்கு அப்பிடியோ வந்தது, அப்பா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்து, லீவு போட்டுவிட்டதாகவும், தானும் வந்து முன்னால் இருப்பதாகவும் சொன்னாள். இதை வாசித்த பிறகு பொலிஸ் வந்தால் வரட்டும். அதற்கு வேண்டிய "ஓம்" என்ற ஒரு சொல் என்னிடம் முன்னரே இருக்கிறது, இம்முறை அதை உண்மைக்குச் சொல்வேன்.

கூடியிருப்பவர்களே, அந்த அட்டையைப் பார்வதி அக்கா எடுக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னவருடைய பைக்குள் திணித்தவன் நான். அவரைத் திருடி என்று நீங்கள் நினைத்த ஒவ்வொரு நாளும் எனக்குச் சேர வேண்டியது.

அக்கா, ஒலிவாங்கிக்கு முன்னால் நான் இதுவரை நின்றதில்லை. இந்தக் கடைசி வரிகள் மலரில் இல்லை, இப்போதுதான் சேர்க்கிறேன். உங்கள் பெண்கள் பத்துப் பேரும் வந்து இருக்கிறார்கள். அவர்களுடைய பைகள் நிலத்தில் இருக்கின்றன. நீங்கள் தலை நிமிர்ந்து போய் வாருங்கள். நான் இங்கே நின்று பதில் சொல்கிறேன்.

சின்னத்தம்பி தவராசா